மூன்றாம் தொட்டி

மேம்பாலத்துக்கு அடியில் என் சாவிக்கடை.
ஒரு ஆள் நிற்கலாம்.
இரண்டாவது ஆள் வயிற்றை எக்கிக்கொண்டால் நிற்கலாம்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் ஹெலோயிசா
பல்கலைக்கழக வேனிலிருந்து நான்கு தொட்டிகளை இறக்கினாள்.
கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் இலை,
பேசினாலே ஒடிந்துவிடும் தண்டு,
விளிம்பைத் தாண்டித் தொங்குவதைத் தவிர
வேறு லட்சியம் இல்லாத செடி.
இங்கே இதற்கு ஊதா நெஞ்சு என்று பேர்.

"சேயு அடெமார், செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர்.
வேர் ஊறி நிற்கக்கூடாது.
மொட்டை மட்டும் தொடாதீர்கள், அது எனக்கு."

மொட்டை வைத்து என்ன செய்வாய்?

கண்ணாடியில் நசுக்கி
உள்ளே உடைந்து கிடப்பதை எண்ணுவேன் என்றாள்.
காற்று கெடக் கெட எண்ணிக்கை ஏறுமாம்.
தலைக்கு மேலே லாரிகள் இடித்துக்கொண்டு போயின.
பதினெட்டு வருடமாக இங்கே சாவி வெட்டுகிறேன்,
என்னை யாரும் எண்ணியதில்லை.

முதல் தொட்டிக்குப் பாலத்தின் இடைவெளி வழியாக
இரண்டு மணி நேரம் வெயில். இலை மையாக இருண்டது.
நான்காவது நிழலில் கிடந்து
வேஷம் கலைகிற நடிகனைப் போல
மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பியது.
இடம் மாற்றலாமா என்று கேட்டேன்.
ஐயோ, கூடாது என்றாள்.
நீண்டு மெலிந்த நுனியைக் கிள்ளலாம், அவ்வளவுதான்.
கிள்ளினேன். ஒன்று இரண்டாகத் தழைத்தது.
அன்று இரவெல்லாம் மணிக்கட்டில் அரிப்பு.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை
பீட்சா கொண்டுபோகும் பைக் நடைபாதையில் ஏறி
மூன்றாம் தொட்டியின் மேல் இறங்கியது.
திங்கட்கிழமை அவள் மொட்டெடுக்க வருவாள்.

குன்ஹாவில் என் தங்கை லிந்தௌரா.
பஸ்ஸில் நான்கு மணி நேரம், மலை,
வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போகும்.
அவள் கோழிக்கூட்டுச் சுவர் முழுக்க
யாரும் கேட்காமலே இதே செடி.
வேரோடு பெயர்த்தேன்.
மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.
உடைந்த தொட்டியைக் கம்பியால் இறுக்கிக் கட்டி
மண்ணைத் தட்டி,
இலையில் கொஞ்சம் சாலைத் தூசியும் பூசினேன்.

நகல் எடுப்பது என் தொழில், ஹெலோயிசா.

இரண்டு வாரம் கழித்து வந்தாள்.
"ஒரே நடைபாதை, ஒரே வாரம்,
மூன்றாம் தொட்டி மட்டும்
வேறெங்கோ மூச்சுவிடுகிறது."
நான் யேல் சாவி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தேன்.
இயந்திரச் சத்தத்தில் காது கேட்காதவன்போல் இருந்தேன்.
வெட்டி முடித்து, பிசிறு தேய்த்து, காசு வாங்கிப் போட்டு,
அப்புறம் சொன்னேன்.

அவள் ஒரு வரிசையைப் பென்சிலால் அடித்தாள்.
தாள் கிழிகிற அளவுக்கு.

பல் வரிசை ஒன்றுதான், எனக்குத் தெரியும்.
ஆனால் எந்தக் கதவில் கிடந்தோம் என்பதைப்
பித்தளை மறப்பதில்லை.
கடற்கரை வீட்டுச் சாவி பச்சை பூத்து வரும்.
பேக்கரிக்காரர் சாவியின் பள்ளத்தில் மாவு.
இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை.
வெகுநேரம் கழித்து அவளே கேட்டாள்:
"அந்தக் கோழிக்கூடு எந்தத் தெருவில்?"

ஆய்வு முடிந்து ஒரு வருடம் ஆகிறது.
தொட்டிகளை அவள் எடுத்துப்போகவில்லை.
மொட்டைக் கொய்ய ஆளில்லாததால்
அதன் பூவை முதல்முறை பார்த்தேன்:
மூன்று இதழ், வெளிறிய ரோஜா நிறம்,
சட்டைப் பொத்தான் அளவு.
காலையில் திறக்கும், மதியச் சாப்பாட்டுக்குள் கடையைச் சாத்திவிடும்.

பைக் நசுக்கிய துண்டுகளை அன்று
பெயின்ட் டப்பா ஒன்றில் சொருகி வைத்திருந்தேன்.
அவை இப்போது பலகையிலிருந்து இறங்கி
பஸ்ஸுக்கு நிற்பவர்களின் தோளைத் தொடுகின்றன.
சிலர் தட்டிவிடுகிறார்கள், சிலர் ஒடித்துக்கொண்டு போகிறார்கள்.
போகட்டும்.

இன்று காலை பதினொரு பூ.
ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம்.
எண்ணும்போதே ஒருவர் வந்துவிட்டார்,
பூட்டு வீட்டில், சாவி ஆற்றில் என்று.